பார்ப்பவர் பலர், கேட்பவர் யார்? சப்ரகமுவத் தோட்டங்களில் பதின்பருவப் பிள்ளைகளின் மனநலம்

லயத்தில் ரகசியம் தங்குவதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் ஒரு குசினி. பழைய லயங்கள் பலவற்றில் பக்கத்துக் காம்பராவைப் பிரிக்கும் சுவர் கூரையைத் தொடாமலே நின்றுவிடும். ஒரு வீட்டில் எழும் சத்தம் வரிசை முழுக்கக் கேட்கும். பதினைந்து வயதுப் பிள்ளை பாடசாலை விட்டு அரை மணி நேரம் பிந்தி வந்தால், அவள் படியேறுமுன்பே அவளைப் பற்றிய பேச்சு வீட்டுக்கு வந்துவிடும். இத்தனை கண்களுக்கு நடுவில் வளரும் பிள்ளை உள்ளுக்குள் உடைந்துபோயிருந்தால், அது கடைசியாகத் தெரியவருவது பெரும்பாலும் பெற்றவர்களுக்குத்தான். இது ஏன் நேர்கிறது, தாய் தகப்பனால் இதில் எதை மாற்ற முடியும் என்பதே இங்கே பேசப் போவது.

மலையகம் என்றதும் நுவரெலியாவும் ஹட்டனும் பதுளையும் நினைவுக்கு வரும். சப்ரகமுவ நினைவுக்கு வருவதில்லை. இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, நிவித்திகலை. கேகாலை மாவட்டத்தில் தெரணியகலை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய. இப்பகுதிகளின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே திட்டுத்திட்டாகக் கிடக்கின்றன. தேயிலையும் றப்பரும் கலந்த பூமி. இரு மாவட்டங்களிலும் தமிழர் சிறு தொகையினர். உயர்தரம் வரை உள்ள தமிழ்ப் பாடசாலை, தமிழ் பேசும் உத்தியோகத்தர், தமிழில் பேசக்கூடிய வைத்தியர் என நுவரெலியாவில் ஓரளவு கிடைக்கும் எதுவும் இங்கே எளிதில் கிடைப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. 1977இலும் 1981 ஆகஸ்ட்டிலும் 1983இலும் தமிழருக்கு எதிரான வன்செயல் இந்தத் தோட்டங்களுக்குள் வந்தது. 1981இல் இரத்தினபுரி, இறக்குவானை, காவத்தைப் பக்கத்து லயங்கள் தாக்கப்பட்டன. வன்னிக்குப் போனவர்கள் போனார்கள், இந்தியாவுக்குப் போனவர்கள் போனார்கள். தங்கியவர்கள் கற்றுக்கொண்ட பாடம், வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது. இன்று அறுபது, எழுபது வயதிலிருக்கும் பாட்டிமார் அந்த இரவுகளைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் அதிகம் பேசுவதில்லை. பேசாமல் இருந்ததால் பிழைத்த தலைமுறை, பேசாமல் இருப்பதையே பிள்ளை வளர்ப்பாகவும் கைமாற்றியிருக்கிறது என்பது என் எண்ணம். குறை சொல்லும் நோக்கில் இதை எழுதவில்லை. அவர்களுக்கு அன்று அது ஒன்றுதான் பாதுகாப்பு.

பதின்பருவத்தில் மனம் படும் பாட்டை "வயசுக் கோளாறு" என்று தள்ளிவிடுவது நம் பழக்கம். ஆய்வுகள் அதை அப்படிப் பார்க்கவில்லை. உலகெங்கும் நடந்த 192 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும், ஏறத்தாழ பாதி 18 வயதுக்கு முன்பும் தலைகாட்டுகின்றன என்று காட்டியது. பத்து வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்டோரில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இலங்கையில் 13 முதல் 17 வயது வரையான மாணவரிடையே 2016இல் நடத்தப்பட்ட பாடசாலைச் சுகாதார ஆய்வில், பத்துப் பேருக்கு ஒருவர் என்று சொல்லத்தக்க அளவினர் அதற்கு முந்தைய ஓராண்டில் உயிரை விடுவது பற்றித் தீவிரமாக யோசித்ததாகச் சொன்னார்கள். நாற்பது பேர் உள்ள ஒரு பத்தாம் வகுப்பில் அது நான்கு மேசைகள்.

அந்த நான்கு பேரின் வீடுகளில் என்ன நடந்துகொண்டிருந்தது? பெரும்பாலும் கண்காணிப்புதான். யாரோடு பேசுகிறாய், போனில் என்ன பார்க்கிறாய், எங்கே போனாய். பிள்ளை கெட்டுப்போகாமல் காக்க இதுதான் வழி என்று பெற்றோர் மட்டுமன்றி ஆய்வாளர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். சுவீடனின் ஒரேப்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000ஆம் ஆண்டு அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களது பெற்றோரையும் தனித்தனியே விசாரித்தார்கள். பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்கு நிறையத் தெரிந்திருந்தால் பிள்ளை நன்றாக இருப்பது உண்மைதான். ஆனால் அந்த அறிவு எப்படி வந்தது என்று பார்த்தபோது, துருவித் துருவிக் கேட்டதாலோ கட்டுப்பாடு விதித்ததாலோ வந்த பங்கு சிறிது. பிள்ளை தானாக வந்து சொன்னதால் வந்ததே பெரிது. தன்னை அடக்கி ஆள்கிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகளின் நிலைதான் மோசமாக இருந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் லோரி டில்டன்-வீவரும் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதை அடுத்த படிக்குக் கொண்டுபோனது. பிள்ளை ஒன்றைச் சொன்னபோது பெற்றோர் ஏசினாலோ கேலி செய்தாலோ பின்னொரு நாள் அதையே குத்திக்காட்டினாலோ, பிள்ளை சொல்வதைக் குறைத்துக்கொள்கிறது, மறைப்பதைக் கூட்டிக்கொள்கிறது. இது சுவீடனுக்கு மட்டும் உரிய உண்மை என்று நான் நினைக்கவில்லை. லயத்தில் இதன் விலை இன்னும் கூடுதல். அம்மாவிடம் சொன்ன ஒரு சொல் அம்மா போட்ட சத்தத்தில் பத்துக் காம்பராவுக்கும் போய்விடுகிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளை எதற்காக வாய் திறக்க வேண்டும்?

சத்தம் என்பதை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். இலங்கையின் தெற்கில், தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பெண்பிள்ளைகளோடும் அவர்களது தாய்மாரோடும் ஜீன் மாரெசெக்கும் சந்தானி செனதீரவும் பேசி எழுதிய ஆய்வு 2012இல் வந்தது. அவர்களது கதைகளில் நீண்டகால நோயைவிட அதிகமாகத் தென்பட்டது அன்றைய ஒரு சண்டை. பெடியனோடு பேசியதைப் பார்த்த யாரோ வீட்டில் சொல்லிவிட்டார்கள், அம்மா ஏசினார், அடித்தார், ஊர் கேட்க அவமானப்படுத்தினார். அடுத்த சில நிமிடங்களுக்குள் அது நடந்துவிட்டது. அந்தத் தாய்மார் பிள்ளைமேல் அன்பில்லாதவர்கள் அல்லர். பெண்ணின் நடத்தைக்குத் தாய்தான் பொறுப்பு என்று ஊர் சுமத்திய பாரத்தை அவர்கள் மகளின் தலையில் இறக்கினார்கள். அவை சிங்களக் கிராமங்கள். ஆனால் அதை வாசிக்கும் எந்தத் தோட்டத்துத் தாயும் அந்த வீட்டை அடையாளம் கண்டுகொள்வாள்.

பெரியமனுஷி ஆன நாளிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் உலகம் சுருங்கத் தொடங்குகிறது. சடங்கு செய்து, மாமன் சீர் வைத்துக் கொண்டாடியதும், பீலிக்கரைக்குப் போவது, கடைக்குப் போவது, நண்பி வீட்டுக்குப் போவது எல்லாமே கேள்விக்குள்ளாகும். ஒற்றைக் காம்பராவில் உடை மாற்ற ஒரு மூலை கிடையாது. கக்கூசு லயத்தின் கோடியில் இருக்கும். மாதவிடாய் நாளில் அந்த நடை எவ்வளவு நீளம் என்பது பெண்களுக்குத் தெரியும். இவ்வயதில் தனிமையின் தேவை அளவுக்கு மீறிய ஆசை அல்ல, வளர்ச்சியின் பகுதி. புதிய வீட்டுத் திட்டங்கள் வரும்வரை காத்திருக்காமல் ஒரு திரைச்சேலையைக் கட்டி, "இந்தப் பக்கம் அவளுடையது, கேட்காமல் யாரும் போகக் கூடாது" என்று தகப்பன் வாயால் சொன்னாலே போதும். அந்தச் சொல் வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு பாடம்.

ஆண்பிள்ளைகளின் துயரம் வேறு உருவில் வரும். அவர்கள் அழுவதில்லை. கோபப்படுவார்கள், பாடசாலைக்குப் போவதை நிறுத்துவார்கள், இரவு பிந்தி வருவார்கள், பாபுல் என்ற மெல்லும் புகையிலையில் தொடங்கி வேறெதற்கோ போவார்கள். 2016 முதல் இலங்கையில் 16 வயதுவரை கல்வி கட்டாயம். 2021 ஜனவரியில் வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயதும் 14இலிருந்து 16 ஆனது. ஆனாலும் கொழும்புக் கடையும் இரத்தினபுரியின் மாணிக்கக் குழியும் அந்த வயதுப் பையனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. வீட்டுக்கு நாலு காசு வருகிறது என்பதால் பெற்றோருக்கும் மறுக்க மனம் வருவதில்லை. படிப்பை விட்டுவிட்டுப் போகிறேன் என்று ஒரு பையன் சொல்லும்போது, படிப்பில் என்ன நடந்தது என்று அப்பா கேட்பது அரிது. வகுப்பில் அவமானப்பட்டானா, ஆசிரியர் இல்லாமல் ஒரு பாடமே நடக்கவில்லையா, கூட்டாளி பிரிந்தானா? வேலைக்குப் போவது பல சமயம் தப்பி ஓடுவதன் மறுபெயராக இருக்கிறது.

பாடசாலையின் பங்கை மறைக்க முடியாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்காக 2017இல் செய்யப்பட்ட ஆய்வில், மாணவர்களில் 80 வீதத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு முந்தைய தவணையில் ஒரு தடவையாவது உடல்ரீதியான தண்டனை பெற்றதாகச் சொன்னார்கள். பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டிருந்தது. ஆசிரியரிடம் அடிபட்டு ஒரு காதின் கேட்கும் திறனை இழந்த மாணவன் தொடர்பாக 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு, அது அடிப்படை உரிமை மீறல் என்று தெளிவாகவே சொன்னது. நம் தோட்டங்களில் இன்னும் "கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க சேர்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் தகப்பன்மார் இருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு, பாடசாலையில் நடக்கும் எதையும் வீட்டில் சொல்லிப் பயனில்லை என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது.

பரீட்சை அழுத்தம் பற்றி ஒரு சிறு விஷயம். பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென்று 5 வீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இரத்தினபுரி அந்தப் பட்டியலில் இருக்கிறது, கேகாலை இல்லை. ஆகவே எட்டியாந்தோட்டை மலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படிக்கும் பிள்ளை, கேகாலை நகரத்தின் பெரிய பாடசாலைகளோடு அதே வெட்டுப்புள்ளிக்காகப் போட்டியிடுகிறது. இதை அறியாத பெற்றோர் "அந்த வீட்டுப் பிள்ளை எடுத்துச்சே, உனக்கு என்ன கேடு" என்கிறார்கள். பிள்ளையின் தோல்வியில் எவ்வளவு பிள்ளையுடையது, எவ்வளவு இடத்தினுடையது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த தகப்பன், க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வரும் வாரத்தில் தன் பிள்ளைக்கு மிகப் பெரிய ஆதரவாக இருப்பான்.

இனி, பெற்றோரின் நேரம். றப்பர் வெட்டுகிறவர்கள் இருட்டோடு மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். கொழுந்துக்காரிகள் நாலு, நாலரைக்கு எழுந்து சமைத்து, பிள்ளையைக் கிளப்பி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுகிறார்கள். மாலையில் கொழுந்து நிறுத்து, விறகு பொறுக்கி, வீடு வரும்போது ஐந்தும் ஆகும், ஆறும் ஆகும். அடுப்பு பற்றவைத்து, தண்ணீர் பிடித்து, உடம்பு கழுவி உட்காரும்போது காலில் அட்டைக் கடி அரிக்கும். அந்த நேரத்தில் மகன் இஸ்தோப்பில் போனோடு குந்தியிருக்கிறான். அம்மாவிடம் மிஞ்சியிருக்கும் வார்த்தைகள் மூன்று: சாப்பிட்டியா, படிச்சியா, போனை வை. 2019ஆம் ஆண்டுக் குடும்ப வருமானச் செலவின ஆய்வின்படி நாட்டில் 14.3 வீதத்தினர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள், தோட்டத்துறையில் 33.8 வீதத்தினர். 2022இன் பொருளாதார நெருக்கடிக்கு முன்பிருந்த நிலை அது. பிள்ளையோடு நேரம் செலவிடுங்கள் என்று எழுதிவிடுவது சுலபம். அந்த நேரத்தை நாட்சம்பளத்தின் கீழிருந்துதான் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நேரத்தின் அளவைவிட அது எப்படிப்பட்ட நேரம் என்பதில்தான் என் கவனம் போகிறது. அந்தத் தாய்க்கு அடுப்படி ஒரு நல்ல இடம். முகத்துக்கு முகம் உட்கார்ந்து "உனக்கு என்ன பிரச்சினை" என்று கேட்டால் எந்தப் பதின்வயதுப் பிள்ளையும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லும். தேங்காய் துருவுகிறபோது, ரொட்டி தட்டுகிறபோது, இருவரின் கையிலும் வேலை இருக்கிறபோது பேச்சு பக்கவாட்டில் வரும். "ஏன் பாப்பா, மூணு நாளா சோறு இறங்கல ஒனக்கு. இப்பவே சொல்லணும்னு இல்ல. இப்படிக் கிட்ட வந்து குந்து." இவ்வளவு போதும். பிள்ளை அன்று சொல்லாது. நாலாம் நாள் சொல்லும். சொல்லும்போது இடையில் புகுந்து புத்தி சொல்லாமல், "ஐயோ" என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளாமல், முடியும்வரை கேட்பதுதான் கடினமான பகுதி. கேட்டதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொண்டுபோகாமல் இருப்பது அதைவிடக் கடினம்.

அம்மா வீட்டிலேயே இல்லாத வீடுகளும் ஏராளம். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை அம்மாயியோ அப்பாயியோ பார்த்துக்கொள்கிறார்கள். கோலித விக்ரமகேயும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் இருவருக்கு மனநலச் சிக்கல் காணப்பட்டதாகச் சொன்னது. ஆண்பிள்ளைகள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அந்த ஆய்வு நடந்தது கொழும்பு, கண்டி, குருநாகல் போன்ற வேறு மாவட்டங்களில். தோட்டங்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அதன் இன்னொரு கண்டுபிடிப்பைத் தோட்டத்துக்குள் எடுத்துவரத் தயங்க வேண்டியதில்லை: பிள்ளையின் மனநிலை, வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் மனநிலையோடு பின்னிக் கிடந்தது. சோர்ந்துபோன அம்மாயியையும் கசிப்பில் விழுந்த அப்பாவையும் அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் திருத்த முடியாது. மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் தாய், குடியை நிறுத்த உதவி கேட்கும் தகப்பன், இருவருமே பிள்ளைக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்க்கிறார்கள்.

மழை பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அன்றே புளத்கொஹுபிட்டிய களுபஹன பகுதியில் லயன் வீடுகள்மேல் மண் விழுந்தது. 2017 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் பல உயிர்களைக் கொண்டுபோயின. தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் எச்சரிக்கை விடுத்தால் பாடசாலைக்கோ கோயிலுக்கோ ஓட வேண்டும், மழை விட்டதும் அதே லயத்துக்குத் திரும்ப வேண்டும். கனமழை இரவில் தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லக் கூடாது. அந்தப் பயத்துக்குக் காரணம் மலையில் இருக்கிறது. எந்தப் பக்கம் ஓடுவது, யார் தம்பியைத் தூக்குவது, பை எங்கே இருக்கிறது என்று பிள்ளையையும் கூட்டி வைத்துத் திட்டமிடும் குடும்பத்தில் பயம் கொஞ்சமாவது பிடிக்குள் வரும்.

உயிர் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. 1998இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. கடும் நச்சுள்ள பூச்சிகொல்லிகள் கட்டங்கட்டமாகத் தடைசெய்யப்பட்டன. டேவிட் கன்னலும் மைக்கல் எடில்ஸ்டனும் கூட்டாளிகளும் 2007இல் காட்டியபடி, 1996 முதல் 2005 வரையான பத்தாண்டுகளில் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட ஏறத்தாழ 19,800 பேர் குறைவாக இறந்தார்கள். உலகப் பொதுச் சுகாதாரத்தின் பெரிய வெற்றிகளில் இது ஒன்று. ஆனால் துயரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. முயற்சி செய்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகை இறங்கிவிடவில்லை. அந்த நொடி கடந்துவிட்டால் பெரும்பாலோர் உயிர் வாழ்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள். பெற்றோருக்கு இதைவிட நம்பிக்கை தரும் செய்தி வேறில்லை.

வீட்டில் பூச்சிமருந்தைப் பூட்டி வைத்தால் போதுமா? வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், 53,000க்கும் மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கி நடந்த பெரும் சோதனையின் முடிவு 2017இல் வந்தது: பூட்டுப்பெட்டி கொடுத்த கிராமங்களில் முயற்சிகள் குறையவில்லை. சாவி வீட்டிலேயே இருக்கும் பெட்டி பெரிய காவல் அல்ல. பிள்ளை கலங்கிப்போயிருக்கும் வாரங்களில் களைகொல்லியையும் தாத்தாவின் மாத்திரைகளையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்தி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைப்பது நல்லது.

பிள்ளையிடம் நேராகக் கேட்கவும் தயங்க வேண்டாம். "செத்துப் போகலாம்னு நெனப்பு வருதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் பரவலாக உண்டு. அதை ஆராய்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த மீளாய்வு, கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதாக எதிலும் காணப்படவில்லை என்றது. கேட்டபிறகு செய்ய வேண்டியது, பிள்ளையைத் தனியே விடாதிருப்பதும் அன்றே உதவி தேடுவதும்தான். 1926 என்ற எண் தேசிய மனநல உதவித் தொலைபேசி. சிறுவர்களுக்கு ஏதேனும் துன்புறுத்தல் என்றால் 1929.

சாதாரண நாட்களில் எதைக் கவனிப்பது? தோட்டத்துப் பிள்ளைகள் "மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை. தலையிடி, வயிற்றுவலி, நெஞ்சடைப்பு என்றுதான் சொல்கிறார்கள். டிஸ்பென்சரியில் பனடோல் கிடைக்கும். அடுத்த வாரம் அதே தலையிடி வரும். அதற்குப் பிறகு கோடாங்கி, கயிறு. கயிறு கட்டுவதை நான் இழிவாகப் பார்க்கவில்லை. கோயிலில் பெரியவர் ஒருவர் பிள்ளையின் தலையில் கைவைத்துப் பேசுவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. கயிற்றோடு நின்றுவிடுவதுதான் ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் குலைந்திருந்தால், விரும்பிச் செய்தவற்றைக் கைவிட்டால், கூட்டாளிகளை விட்டு விலகினால், தான் யாருக்கும் வேண்டாதவள் என்பது போலப் பேசினால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் அது. தூக்கத்தைப் பொறுத்தவரை, இவ்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணிநேரம் தேவை. உடலின் கடிகாரமே பிந்தித் தூங்கச் சொல்லும். நாலரைக்கு விளக்கெரியும் ஒற்றைக் காம்பராவில் அது கிடைக்காது. சோம்பேறி என்று திட்டுமுன் இதை நினைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில்தான் சப்ரகமுவவின் தனித்த சிக்கல் காத்திருக்கிறது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. பல ஆஸ்பத்திரிகளில் இளையோருக்கென்று "யொவுன் பியச" நிலையங்களும் இருக்கின்றன. பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை, பிள்ளைக்குச் சரளம். ஆகவே பிள்ளையே தன் நோய்க்குத் தானே மொழிபெயர்ப்பாளர். "வீட்டில் என்ன பிரச்சினை" என்று வைத்தியர் கேட்கும் கேள்வியையும் அப்பாவின் குடியையும் அப்பாவின் முன்னாலேயே மொழிபெயர்க்க வேண்டிய பதினான்கு வயதுப் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள். இன்ன மொழியில் பேசிக்கொள்ளலாம் என்ற உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரசு அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள ஒரு குடிமகனுக்கு உரிமை உண்டு. மனநோய்க்கு மொழியே கருவி என்பதால் அங்கே இந்த உரிமை வேறெங்கும் இருப்பதைவிட அவசரமானது. அது நடைமுறைக்கு வரும்வரை, சிங்களம் தெரிந்த ஒரு நம்பிக்கையான பெரியவரைக் கூட அழைத்துப்போவது, பிள்ளை வைத்தியரோடு தனியே பேச விட்டுவிட்டு வெளியே காத்திருப்பது, இரண்டையும் பெற்றோர் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் வைத்தியர்தான் வேண்டும் என்றும் இல்லை. தென்னாபிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் ஏழைக் குடும்பங்கள் 552ஐ வைத்து லூசி க்ளூவரும் கூட்டாளிகளும் நடத்திய சோதனை 2018இல் வெளியானது. பெற்றோரும் பதின்வயதுப் பிள்ளையும் வாரம் ஒருமுறை கூடி, பாராட்டுவது, கோபத்தை அடக்குவது, காசைத் திட்டமிடுவது, ஆபத்திலிருந்து காத்துக்கொள்வது என்று 14 அமர்வுகளில் பழகினார்கள். நடத்தியவர்கள் உளவியலாளர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். அடி, ஏச்சு குறைந்தது, பெற்றோரின் மனச்சோர்வும் குறைந்தது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட பாடசாலைகளில் நடந்து 2018இல் வெளியான இன்னொரு சோதனை ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டியது. ஒரே திட்டத்தைச் சில பாடசாலைகளில் ஆசிரியரும், சிலவற்றில் அதற்கென்றே நியமித்த, தொழில்முறை உளவியலாளர் அல்லாத ஆலோசகரும் நடத்தினார்கள். ஆலோசகர் இருந்த பாடசாலைகளில் மாணவரின் மனச்சோர்வும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்தியவற்றில் பயன் தெரியவில்லை.

நம் பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பைப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரின் தலையில் கூடுதலாக ஏற்றிவைக்கும் வழக்கத்தை இந்த முடிவோடு வைத்துப் பார்க்க வேண்டும். பிரம்பு வைத்திருக்கும் கையிடம் பிள்ளை மனதைத் திறக்காது. தோட்டத்தில் உயர்தரம் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பெண்களும் இளைஞர்களும் இருக்கிறார்கள், இரு மொழியும் அறிந்தவர்கள். சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவும் அதன் பொறுப்பாளரும் இருக்கிறார்கள். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் 1992 முதல் இருக்கிறது. தாய்சேய் நலத்துக்காகத் தோட்டங்களுக்குள் நுழையப் பழகிய நிறுவனம் அது. பிள்ளைக்கு ஐந்து வயது வரை எடை பார்க்கிறார்கள், ஊசி போடுகிறார்கள். பதிமூன்று வயதில் அந்தப் பிள்ளையை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியில் இத்தகைய இளையோரில் தோட்டத்துக்கு ஒருவர் என்று பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுத்து அமர்த்துவது அரசாங்கத்துக்கும் கம்பனிகளுக்கும் தாங்க முடியாத செலவு அல்ல.

அதற்கு முன் கோயில் திண்ணையிலோ பிள்ளைக் காம்பராவிலோ, சம்பள வாரம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துத் தாய்மாரும் நாலு தகப்பன்மாரும் கூடலாம். சத்தம் போடாமல் எப்படிக் கேட்பது என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகலாம். அந்தக் கூட்டத்தில் தொழிற்சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை எழுதலாம்: பிள்ளையை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், வெட்டப்படக் கூடாது. கூலிப் பேச்சுவார்த்தையில் கொழுந்தின் கிலோவும் றப்பர்பாலின் கிலோவும் பேசப்படுகின்றன. இந்த ஒரு நாளையும் அந்த மேசையில் வைக்க வேண்டும்.